தோவாளைத் தொட்டி: வெள்ளை மணலில் அடுத்தடுத்து வந்த மூன்று படிவுகள்

தொட்டி நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 255 லிட்டர் பிடிக்கும். மணலும் பாறையும் அடைத்த இடத்தைக் கழித்து, கீழே இருக்கும் சம்ப் என்னும் துணைத் தொட்டியையும் சேர்த்தால் உள்ளே சுற்றுவது ஏறக்குறைய 230 லிட்டர் கடல்நீர். அடியில் இரண்டு அங்குல உயரத்துக்கு அரகோனைட் மணல், சுமார் 40 கிலோ. இரண்டு க்ளவுன் மீன், ஒரு மஞ்சள்வால் டாம்செல், ஒரு கோபி, கொஞ்சம் நத்தைகள். பவளம் எதுவும் இல்லை. கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் ஒரு ஸ்கிம்மர், நீரோட்டம் உண்டாக்கும் ஒரு வேவ்மேக்கர், வெள்ளையும் நீலமும் கலந்த எல்.ஈ.டி. விளக்கு.

தொட்டி இருப்பது தோவாளையில், பூச்சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில். வீட்டுக்காரர் பிச்சிப்பூ மொத்த வியாபாரி. இங்கே அண்ணாச்சி என்றே எழுதுகிறேன். நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். இந்தத் தொட்டிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கதை பாதி நடந்து முடிந்திருந்தது. முன்பாதியை அண்ணாச்சி சொன்னதையும், அவர் காலண்டர் தாளில் குறித்து வைத்திருந்த அளவுகளையும் வைத்து எழுதுகிறேன். பூக்கணக்கு எழுதிப் பழகிய கை, தேதி தவறாமல் குறித்திருந்தார்.

ஜூன் 14-ஆம் தேதி கிழக்குக் கடற்கரை மீன்பிடித் தடைக்காலம் முடிந்து சின்னமுட்டம் விசைப்படகுகள் கடலுக்கு இறங்கிய வாரத்தில் தொட்டிக்குத் தண்ணீர் வந்தது. தெரிந்த ஒருவர் கரையை விட்டு நன்றாக விலகிய இடத்தில் மொண்டு கேன்களில் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல தண்ணீர். நைட்ரஜன் சுழற்சி, அதாவது கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா வளர்ந்து நிலைப்பது, ஒழுங்காக முடிந்து, அப்புறம்தான் மீன் விட்டார்கள். ஆடி பிறந்த பிறகு மணல் மேல் பழுப்பு நிறத்தில் மாவு தூவியது போல ஒரு படிவு வந்தது. கையால் விசிறினால் பறந்துவிடும், கண்ணாடியில் இருப்பதை விரலால் தேய்த்தால் போய்விடும். இது டயாட்டம், சிலிக்காவால் தன் ஓட்டைக் கட்டும் நுண்பாசி. புதுத் தொட்டியில் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

வந்ததும் பழி மணல் மேல் விழுந்தது. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. மணவாளக்குறிச்சிப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர் கொடுத்த ஒரு வாளிக் கடற்கரை மணலை, கறுப்பும் சிவப்பும் மின்னுகிறதே என்று அழகுக்காக மேலே தூவியிருந்தார்கள். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். தோரியம் கொண்ட மோனசைட்டும் அந்தக் கரை மணலில் உண்டு. மத்திய அரசின் அருமணல் ஆலை அங்கே இருப்பதே இதற்காகத்தான். சிலிக்கா மணல் போட்டால் டயாட்டம் வரும் என்று மீன் வளர்ப்பவர்கள் பலர் நம்புகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குவார்ட்ஸ் கடல்நீரில் கரையும் வேகம் அவ்வளவு குறைவு. ஒரு வாளி மணல் சில வாரத்தில் தொட்டியைப் பழுப்பாக்காது. அந்த மணலை எடுக்கச் சொன்னது வேறு காரணத்துக்காக. கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் இல்மனைட் துகள்கள் ஒட்டிக்கொண்டு, துடைக்கத் துடைக்கக் கண்ணாடியில் கோடு விழுந்துகொண்டிருந்தது. அதோடு, தமிழ்நாட்டில் 2013 முதல் தனியார் கடற்கரைக் கனிம மணல் அள்ளத் தடை இருக்கிறது. தொட்டிக்கு அழகு என்று யாரும் அந்தப் பக்கம் வாளி தூக்க வேண்டாம்.

சிலிக்கேட், அதாவது தண்ணீரில் கரைந்த சிலிக்கா, வந்த வழி வேறு. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று தோவாளையில் எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். முப்பந்தல் காற்றாலைகள் எல்லாம் அந்தக் காற்றை நம்பி நிற்பவைதான். திறந்த தொட்டி, திறந்த ஜன்னல். நாளொன்றுக்கு நாலரை லிட்டர் வரை தண்ணீர் ஆவியாகி, அவ்வளவையும் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நீர் மட்டும்தான் ஆவியாகும். அதில் கரைந்திருக்கும் சிலிக்கேட் தொட்டியிலேயே தங்கும். இங்கே பாறைப் பூமி, போர் தண்ணீரில் சிலிக்கா தாராளம். ஆர்.ஓ.வில் வடிகட்டும் சவ்வான மெம்பிரேன் பழசாகி, அதில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாளுக்கு 9 மில்லிகிராம், மாதத்துக்கு 270 மில்லிகிராம். 230 லிட்டரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல். டயாட்டம் தன் ஓட்டைக் கட்ட இது போதும்.

டி.டி.எஸ். மீட்டர் நன்றாகத்தானே காட்டுகிறது என்று அண்ணாச்சி கேட்டது நியாயமான கேள்வி. அந்த மீட்டர் அளப்பது மின்கடத்தலை. கரைந்த சிலிக்கா பெரும்பாலும் மின்னூட்டம் இல்லாத சிலிசிக் அமிலமாக இருப்பதால் மீட்டரின் கண்ணில் அது படாது. ஆர்.ஓ.வுக்குப் பின்னால், மிச்சம் கரைந்திருப்பதைப் பிடித்துவைக்கும் டி.ஐ. ரெசின் வைத்தால் சிலிக்கா நிற்கும். ஆனால் ரெசின் தீர்ந்துபோகும்போது முதலில் கசிந்து வெளியே வருவதும் அதுதான், அப்போதும் மீட்டர் பூஜ்யம் காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே மீட்டரை நம்பி ரெசினை ஓட்டக்கூடாது, சிலிக்கேட் டெஸ்ட் கிட் தனியாக வேண்டும்.

விளக்கும் ஒரு விஷயம். பூச்சந்தைக்காரர் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்துவிடுவார். போகும்போது தொட்டி விளக்கைப் போட்டு, மீனுக்குத் தீனி போட்டுவிட்டுப் போவார். அணைப்பது இரவு ஒன்பது மணிக்கு, சீரியல் முடிந்த பிறகு. பதினெட்டு மணி நேர வெளிச்சம். பவளமே இல்லாத தொட்டிக்கு எட்டு மணி நேரம் தாராளம்.

டயாட்டத்துக்கு அண்ணாச்சி செய்தது பெரும் போர். பாசிக்குச் சத்தான பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்ஸைடு மீடியாவைப் பை நிறையப் போட்டார், ஸ்கிம்மரை முழு வேகத்தில் விட்டார், தீனியைப் பாதியாக்கினார், வாராவாரம் மணலைக் குழாய் வைத்து உறிஞ்சினார். சில வாரத்தில் பழுப்பு போனது. மீடியாதான் வேலை செய்தது என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். இடையில் ஆர்.ஓ. மெம்பிரேனும் மாறியிருந்தது, தொட்டியில் இருந்த சிலிக்கேட்டையும் டயாட்டமே தின்று தீர்த்திருக்கும். புதுத் தொட்டியில் டயாட்டம் தானாக அடங்குவது வழக்கம். ஆனால் மீடியா பை சம்ப்பில் அப்படியே கிடந்தது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அது முக்கியம்.

ஐப்பசி மழையில் இரண்டாவது வந்தது. எனக்குப் போன் வந்ததும் அப்போதுதான். போனபோது அண்ணாச்சியின் அம்மாதான் முதலில் பேசினார். "மக்களே, மண்ணு மேல என்னது இது, ரத்தம் ஒறைஞ்ச மாதிரி?" சரியான வர்ணனை. கருஞ்சிவப்பில் வழுவழுப்பான ஏடு, அதன் மேல் காற்றுக் குமிழிகள், விரலால் எடுத்தால் பாலாடை போலத் தனியாக உரிந்து வந்தது. சயனோபாக்டீரியா. பார்ப்பதற்குப் பாசி என்றாலும் பாக்டீரியா வகை. அதனால் பாசிக்குச் செய்யும் வைத்தியம் எல்லாம் இதற்குச் செல்லாது.

அது படர்ந்திருந்த இடத்தைப் பார்த்தாலே பாதிக் காரணம் தெரிந்தது. பாறைக் குவியலுக்குப் பின்னால், இடது மூலையில், வேவ்மேக்கரின் ஓட்டம் எட்டாத இடத்தில்தான் ஏடு தடிமனாக இருந்தது. கழிவு வந்து தேங்கும் இடமும் அதுதான். மறுபாதிக் காரணம் தண்ணீர். சின்னமுட்டம் போய்வர நேரமில்லை என்று, பக்கத்தில் மணக்குடியில் இருந்து தண்ணீர் எடுத்து மாற்றியிருந்தார்கள். பழையாறு கடலில் சேரும் இடம் மணக்குடி. ஊர்ச் சாக்கடையும் வயல் உரமும் மழை வெள்ளத்தோடு அந்த முகத்துவாரத்துக்குத்தான் வந்து சேர்கின்றன. இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. அதனால் கடல் தண்ணீர் எடுக்கத் தோதான காலம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஆற்று வாயில் இருந்து எப்போதுமே எடுக்கக்கூடாது. மழைக் காலத்தில் கரையோரமும் வேண்டாம், உப்பு வாங்கிக் கலக்கிக்கொள்வதே மேல்.

அன்றைய அளவு, லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்: நைட்ரேட் கிட்டத்தட்ட இல்லை, பாஸ்பேட் 0.1-க்கு மேல். உறிஞ்சும் மீடியா கிடக்கும்போதே பாஸ்பேட் எப்படி ஏறியது? மீடியா பழையது, நிறைந்துபோயிருந்தது. மாற்றிய தண்ணீர் புதுசாகக் கொண்டுவந்து கொட்டியது. இப்படி நைட்ரேட் அடியிலும் பாஸ்பேட் மேலேயும் நிற்கும் நிலை சயனோவுக்குக் கொண்டாட்டம். அதில் சில வகைகள் தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வாயுவையே நேராக எடுத்துக்கொள்ளும். நைட்ரேட் இல்லாமல் மற்றவை பட்டினி கிடக்கும்போது இவை படர்ந்துவிடும்.

நான் சொன்னது இவ்வளவுதான். ஏட்டைக் கையால் உரித்து, சின்னக் குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். பாறையைக் கண்ணாடியில் இருந்து ஒரு கை அகலம் தள்ளி வைத்து, பின்னால் ஓட்டம் போகும்படி செய்ய வேண்டும். விளக்கை எட்டு மணி நேரமாக்கி டைமரில் போட வேண்டும். உப்பு கலந்த தண்ணீரால் பத்து சதவீதம் மாற்ற வேண்டும். பாறையை அன்றைக்கே தள்ளினோம், டைமரும் வந்தது. ஏடு மெலிய ஆரம்பித்தது. ஆனால் மெதுவாகத்தான் மெலிந்தது, வீட்டில் பொறுமை இல்லை. ஒரு கடையில் எரித்ரோமைசின் மாத்திரை போடச் சொல்லியிருக்கிறார்கள். போட்டார். சில நாளில் சிவப்பு சுத்தமாகப் போய்விட்டது. கூடவே புது மீடியா பையும் இறங்கியது.

மாத்திரை பலித்தது என்பதை நான் மறுக்கவில்லை. சயனோ பாக்டீரியா என்பதால் ஆன்டிபயாட்டிக் கொல்லத்தான் செய்யும். என் ஆட்சேபம் வேறு. மணல் என்பது நுண்ணுயிர்கள் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு நிலம். ஒருவரை மொத்தமாக வெளியேற்றினால் அந்த இடம் காலியாக இருக்காது. அத்தோடு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தில் நின்றால், பூஜ்யத்தில் பிழைக்கத் தெரிந்தவர்தான் குடியேறுவார்.

அப்படிக் குடியேறியதுதான் மூன்றாவது. இந்த ஆய்வை எழுதத் தோன்றியதே அதனால்தான்.

கார்த்திகை முடிவில் மணல் மறுபடி பழுப்பானது. டயாட்டம் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்து, தீனியை இன்னும் குறைத்து, தண்ணீரை இன்னும் அதிகமாக மாற்றினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பழுப்பு கூடியது. நத்தைகள் கண்ணாடியில் இருந்து விழுந்து மணலில் கவிழ்ந்து கிடந்தன. இரண்டு மூன்று செத்தும் போயின. இம்முறை வந்தது மாவு போலப் பறக்கவில்லை. சளி போல இழுபட்டது, இழையின் நுனியில் குமிழி நின்றது.

துப்புக் கொடுத்தவர் அண்ணாச்சிதான். விளக்கு டைமருக்குப் போய்விட்டதால், விடியற்காலை மூன்று மணிக்கு அவர் டார்ச் அடித்து மீனைப் பார்த்துவிட்டுப் போவது வழக்கமாகியிருந்தது. "மூணு மணிக்குப் பாத்தா மண்ணு வெள்ளை வெளேர்னு கெடக்கு. சந்தை முடிஞ்சு ரெண்டு மணிக்கு வந்து பாத்தா தவிட்டு நெறம். நடுவுல யாரு வந்து கொட்டுதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இரவில் மறைந்து பகலில் திரும்புவது டைனோபிளாஜல்லேட் (சுருக்கமாக டைனோ) என்னும் நுண்ணுயிரின் குணம். டயாட்டமும் இரவில் கொஞ்சம் மங்கும், ஆனால் இப்படி வெளுத்துப்போகாது.

முதலில் பாட்டில் சோதனை செய்தோம். மணல் மேல் இருந்த சளியைக் கொஞ்சம் தொட்டித் தண்ணீரோடு பாட்டிலில் எடுத்து, நன்றாகக் குலுக்கி, டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை வெளிச்சத்தில் வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் அது மறுபடி இழையாகக் கூடினால் டைனோ. இங்கே லேசாக ஏதோ கூடியது, தெளிவாகச் சொல்ல முடியவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் ஊகிப்பதில் பிரயோஜனம் இல்லை. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் தெரிந்தவர் ஒருவர் உண்டு. ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து 400 மடங்கில் பார்த்தோம். நீள்வட்ட உடல், ஒரு முனையில் சின்ன அலகு போல ஒரு மடிப்பு, தகட்டின் மேல் வழுக்கிக்கொண்டு போகும் நடை. ஆம்பிடினியம்.

டைனோவில் இது ஒரு வகை. பெயர் தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். நிறைய ஆகும். ஆஸ்ட்ரியோப்சிஸ் என்று இன்னொரு வகை இருக்கிறது. கண்ணீர்த்துளி வடிவம், நங்கூரம் போட்டதுபோல ஒரே இடத்தில் சுற்றும். அது இரவில் தண்ணீரில் மிதக்கக் கிளம்பும். அதனால் புற ஊதா விளக்கு வைத்தால் அந்த விளக்கின் வழியாக ஓடி மாளும். ஆம்பிடினியம் இரவில் மிதப்பதில்லை, மணலுக்குள் புதைந்துகொள்கிறது. அண்ணாச்சி டார்ச்சில் பார்த்த வெள்ளை மணலுக்கு அடியில் அத்தனையும் உயிரோடு இருந்தன. இதற்குப் புற ஊதா விளக்கு வாங்கினால் காசுதான் நஷ்டம். வாங்கும் யோசனையில் இருந்தார், நிறுத்தினோம்.

அன்றைக்கு நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். வைத்தியம் இதுவரை செய்த எல்லாவற்றுக்கும் தலைகீழ். மீடியா பையை வெளியே எடுத்தோம். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினோம். தீனியைக் கூட்டினோம். அது போதாது என்று தெரிந்தது, ஆகவே உரம் போட்டோம். தோவாளையில் இதற்கு அலைய வேண்டியதே இல்லை. பிச்சிக்கும் அரளிக்கும் சொட்டு நீரில் விடும் 13-0-45 என்பது பொட்டாசியம் நைட்ரேட், 0-52-34 என்பது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். மூட்டையைப் பார்த்ததும் அண்ணாச்சி, "இது நம்ம கடையிலயே கெடக்கே" என்றார். ஆனால் உரக்கடைச் சரக்கில் வேறு என்ன கலந்திருக்கும் என்று உறுதி இல்லாததால், ஆய்வகத் தரத்தில் இரண்டும் சிறு பொட்டலமாக வாங்கச் சொன்னேன். தொட்டிக்கு வேண்டியது கிராம் கணக்குதான்.

பொட்டாசியம் நைட்ரேட்டின் எடையில் 61 சதவீதம் நைட்ரேட். 230 லிட்டரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்ற 0.37 கிராம் போதும். மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்டில் 70 சதவீதம் பாஸ்பேட். 0.05 ஏற்ற வேண்டுமானால் வெறும் 16 மில்லிகிராம். தராசில் அது நிற்காது. அதனால் 1 கிராமை ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து வைத்து, சிரிஞ்சில் 16 மில்லி எடுத்து விட்டோம். இலக்கு நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.05 முதல் 0.1. நைட்ரேட் சொன்னபடி ஏறியது. பாஸ்பேட் முதல் சில நாட்கள் விட்டதெல்லாம் மறுநாள் காணாமல் போனது. அரகோனைட் மணலும் பாறையும் பாஸ்பேட்டை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். அவை நிறைந்த பிறகுதான் தண்ணீரில் அளவு தங்கும். இந்த இடத்தில் பொறுமை இழந்து இரண்டு மடங்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. தினமும் அளந்து, அளவோடு ஊற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

அடுத்து செய்ததுதான் வீட்டில் சண்டையைக் கிளப்பியது: சிலிக்கேட் ஊற்றினோம். ஆடியில் எதை விரட்ட அத்தனை பாடுபட்டார்களோ அந்த டயாட்டத்தையே கூப்பிட்டோம். மணல் மேற்பரப்பு ஆம்பிடினியத்தின் இடம். அதே இடத்துக்கு, அதே வெளிச்சத்துக்குப் போட்டி போடக்கூடியது டயாட்டம். அதற்குத் தடையாக இருந்தது சிலிக்கேட் இல்லாமைதான், ஏனென்றால் இடையில் டி.ஐ. ரெசின் வைத்துவிட்டோம். வாட்டர் கிளாஸ் என்னும் சோடியம் சிலிக்கேட் கரைசலை நிறைய ஆர்.ஓ. தண்ணீரில் நீர்க்கவைத்து, ஓட்டம் அதிகமான இடத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, லிட்டருக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை நிறுத்தினோம். அது கடுங்காரம், கெட்டியாக ஊற்றினால் பி.எச். குதிக்கும். "போன தடவ இத எடுக்கத்தானே ரெசின் வாங்கினோம்?" என்று அண்ணாச்சி கேட்டார். ஆமாம், அதற்குத்தான்.

நீண்ட நாள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு தொட்டியில் இருந்து ஒரு கிண்ணம் மணலும் கொண்டுவந்து போட்டோம், காலியாகிப்போன நுண்ணுயிர்க் கூட்டத்தைத் திருப்பி விதைக்க. வெளிச்சத்தை ஆறு மணி நேரமாக்கினோம். மூன்று நாள் முழு இருட்டு போடலாமா என்று கேட்டார்கள். மணலுக்குள் ஒளிந்துகொள்ளும் இந்த வகைக்கு அதன் பலன் நிற்காது, விளக்கு வந்ததும் அதுவும் வரும் என்று சொல்லிவிட்டேன்.

தை முழுக்க மணல் பார்க்கச் சகிக்கவில்லை. பழுப்பு இருந்தது, ஆனால் அதன் தன்மை மாறிக்கொண்டே வந்தது. சளி இழை குறைந்தது, விசிறினால் பறக்கும் மாவு கூடியது. மாசியில் மறுபடி ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது பெரும்பாலும் டயாட்டம், இடையிடையே ஓரிரண்டு ஆம்பிடினியம். விடியற்காலை டார்ச்சிலும் மணல் லேசான பழுப்பாகவே தெரிந்தது. அண்ணாச்சிக்கு அது வருத்தம், எனக்கு நிம்மதி. சிலிக்கேட்டை நிறுத்தியதும் டயாட்டம் மெல்ல இறங்கியது. அப்போதுதான் புதிதாக நத்தை விட்டோம், மணலுக்குள் புதைந்து திரியும் நாசாரியஸும் செரித்தும். ஆம்பிடினியத்தின் விஷம் இருக்கும்போது நத்தை விட்டால் அதுவும் சாகும்.

மணல் சுத்தம் செய்யக் கடல் அட்டை விடலாம் என்று வெளிநாட்டு ஆலோசனைகளில் அடிக்கடி வரும். இந்தியாவில் கடல் அட்டைகள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கக்கூடாது. மணலை வாயால் சலிக்கும் பெரிய கோபி வகையையும் நான் சிபாரிசு செய்யவில்லை. இத்தனை சின்ன மணல் பரப்பில் அது தீனி போதாமல் மெலிந்து சாகும்.

இப்போது நைட்ரேட் 5 பக்கம் நிற்கிறது, பாஸ்பேட் 0.05-க்கும் 0.08-க்கும் இடையில். உரம் நின்றுவிட்டது, தீனி மட்டுமே அந்த அளவைக் காக்கிறது. விளக்கு மதியம் பன்னிரண்டு முதல் இரவு எட்டு வரை. நிரப்பும் தண்ணீர் ரெசின் வழியாக வந்து, மாதம் ஒருமுறை சிலிக்கேட் சோதனை பார்த்து உள்ளே போகிறது. ஆடிக்காற்றுக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு ஏடு இன்னும் வருகிறது. ஒரு வேவ்மேக்கரால் அந்த மூலைக்கு ஓட்டம் போகாது, இரண்டாவது வாங்கச் சொல்லியிருக்கிறேன். பங்குனி, சித்திரைக் கல்யாணப் பூ வியாபாரம் முடியட்டும், வாங்கிவிடலாம் என்கிறார். அதுவரை வாரத்துக்கு ஒருமுறை உரித்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன். மாத்திரை அட்டை ஒன்று அலமாரியில் மிச்சம் இருந்தது, அதை வாங்கி வந்துவிட்டேன்.